தபால்கார ஆமையின் முழுப்பெயர்

நம் ஊர்த் தமிழ்க் கார்ட்டூன் ஒன்றில் வரும் தபால்கார ஆமையை எல்லாரும் ‘என்.கே.’ என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப்பெயர் என்ன என்று எங்கள் ரசிகர் வாட்சாப் குழுவில் ஓயாத சண்டை. ஒருநாள் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆமையின் பையில் ‘என். கேசவன்’ என்று எழுதியிருந்தது. அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன்.

குழுவை நடத்தியவர் திகாம் பத்து டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருந்தார். “எஸ்டேட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் என்னா தெரியும் லா?” என்று எஸ்டேட்டில் இருக்கும் என்னைக் குழுவில் போட்ட குரல்பதிவில் கேலி செய்து சிரித்துவிட்டு, என் படத்தை அழித்தார். மறுவாரம் அதையே தன் கண்டுபிடிப்பாகப் போட்டு எல்லாரிடமும் பாராட்டு வாங்கினார்.

அடுத்து எல்லாரும் ‘என்.’ என்ற எழுத்து எந்தப் பெயர் என்று தேடினார்கள். நான் அதே படத்தில், பையின் மேல் ‘நடேசன் கேசவன்’ என்று மாற்றி எழுதி, வேறு எண்ணிலிருந்து அவருக்கு மட்டும் அனுப்பினேன். அவர் அன்றே அதைத் தன் பெயரில் போட்டார். தன் காரின் பின்கண்ணாடியிலும் அந்தப் பெயரைப் பெரிதாக ஒட்டிக்கொண்டார்.

மூன்று நாள் பொறுத்தேன். பிறகு அசல் காட்சியையும், நான் அவருக்கு அனுப்பிய போலிப் படத்தையும், அவருடைய பழைய குரல்பதிவையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். சிரிப்பு அடங்கவேயில்லை.

அவர் என்னை அழைத்தார். “ஏன் தங்கச்சி இப்படிப் பண்ணீங்க?”

“நீங்க திருடுவீங்கன்னு தெரியும்ணே. அதான்.”

அந்த ஞாயிறு பாசார்ச் சந்தையில் அவர் கார்க் கண்ணாடியைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் தே ஆயிஸ் வாங்கி, அந்த ஐஸ் டீயை அவர் சுரண்டி முடிக்கும்வரை மெதுவாகக் குடித்தேன்.