எஸே போட்டால் கல்யாணம்

காலை பத்து ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. வியாழக்கிழமை. மெக்சிகோ நகரத்துப் படக் கம்பெனி ஒன்றின் கதை இலாகாவில் தட்டச்சு வேலை பார்த்த ஒப்துலியா அப்போது ஒரு சிரிப்புப் படத்தின் நாற்பத்தோராம் காட்சியில் இருந்தாள். கதாநாயகன் கிதாரும் கையுமாகக் குதிரையிலிருந்து விழுகிற இடம். மறுமுனையில் பேசியது எழுத்தாளர் எவாரிஸ்தோ லாந்தெரோஸின் மனைவி எலோதியா.

"ஒப்துலியா, பொண்ணே, அவர் போயிட்டாரு. சவரம் பண்ணிக்கிட்டிருந்தாரு. பாதி மூஞ்சியில சோப்பு. மீதியை நான்தான் வழிச்சு விட்டேன்."

ஒப்துலியா தொலைபேசியை வைத்தாள். கதாநாயகன் விழுந்தான், ஊரே சிரித்தது என்று அடித்துக் காட்சியை முடித்தாள். அதை எழுதியவரும் எவாரிஸ்தோதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எவாரிஸ்தோ தன்னை நாவலாசிரியர் என்றுதான் சொல்லிக்கொள்வார். எழுதிய நாவல் ஒன்று, 'சுண்ணாம்புக் கிணறு'. விமர்சகர்கள் இரண்டு பேர் புகழ்ந்தார்கள். அதில் ஒருவர் படித்தும் இருந்தார். சினிமாவுக்கு எழுதியது முப்பத்தொன்று. நாவல் எழுதுகிற கை சினிமா எழுதினால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. அதனால் வலது கையைக் கால்சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அறைக்குள் நடந்தபடியே வாயால் சொல்வார், ஒப்துலியா அடிப்பாள். அப்படிப் பாதுகாத்த கை பதினோரு வருடத்தில் இரண்டாவது நாவலைப் பதினான்கு பக்கம் எழுதியது.

அவர் முதலில் சொல்லி அவள் அடித்தது 'சுண்ணாம்புக் கிணறு' நாவலின் திரைக்கதை. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். பண்ணையாரின் மகள் கூலிக்காரன் ஒருவனோடு ஓடிப்போகிறாள். அப்பன் துப்பாக்கியோடு குதிரையேறித் துரத்துகிறான். கடைசியில் இருவரையும் கிணற்றடியில் மடக்கி, "உங்க ரெண்டு பேரையும் வேட்டையாடப் போறேன்" என்கிறான். நாவலில் அதோடு இரண்டு பேர் கதையும் முடிந்தது.

வேட்டையாடுவதற்கு அவர்கள் மொழியில் 'காசார்'. கல்யாணம் செய்து வைப்பதற்கும் 'காசார்'. ஸ்பெயின்காரன் வாயில் இரண்டும் வேறுவேறாக ஒலிக்கும். மெக்சிகோக்காரர் வாயில் ஒன்றேதான். எழுத்தில்தான் வித்தியாசம். 'எஸே' என்கிற எஸ் எழுத்தைப் போட்டால் கல்யாணம், 'சேத்தா' என்கிற இஸட் எழுத்தைப் போட்டால் வேட்டை. அன்றைக்கு எவாரிஸ்தோவின் வாயில் மொச்சை மசியல் வைத்த ரொட்டி வேறு இருந்தது. ஒப்துலியா எஸே போட்டாள்.

இயக்குநர் தோன் நபோர் அதைப் படித்தார். அப்பனாக நடித்தவரைத் துப்பாக்கியைத் தாழ்த்தச் சொன்னார், தொப்பியைக் கழற்றச் சொன்னார், கண்ணில் நீர் வரச் சொன்னார். கிணற்றுக்குப் பின்னாலிருந்து பதினொரு பேர் வாத்தியங்களோடு வந்தார்கள். படம் முப்பது வாரம் ஓடியது. அதன் பிறகு நாட்டில் எந்த அப்பனும் அந்த வசனத்தைச் சொல்லாமல் மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கவில்லை. எவாரிஸ்தோவின் சொந்த மைத்துனரே மகள் கல்யாணத்தில் சொன்னார். மண்டபமே திரும்பி எவாரிஸ்தோவைப் பார்த்துக் கைதட்டியது. அவர் கழிப்பறைக்குப் போனவர், கேக் வெட்டி முடிகிறவரை வரவில்லை.

"என் சேத்தாவைத் திருடினவன்" என்றுதான் கடைசிவரை நபோரைக் குறிப்பிட்டார். அந்தப் படத்துக்குப் பிறகு, சுபமாக முடிக்க வேண்டிய கதையெல்லாம் எவாரிஸ்தோவிடமே வந்தது.

திருடியது யாரென்று ஒப்துலியாவுக்குத் தெரியும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லிவிட நினைப்பாள். அவர் கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும் அடுத்த காட்சியை அடிக்கத் தொடங்கிவிடுவாள்.

அன்று நான்கு மணிக்கு அவள் துக்க வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பெட்டி இருந்தது. சமையலறையில் கரும்புச் சாராயம் கலந்த காப்பி இருந்தது. ஆண்கள் எல்லோரும் சமையலறையில் இருந்தார்கள். கம்பெனி சார்பில் பெரிய மலர்வளையம் சொல்லியிருப்பதாகவும், அதன் ஊதா ரிப்பனில் அந்த வசனத்தை எழுதச் சொல்லியிருப்பதாகவும் நபோர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், தோன் நபோர்," என்றாள் ஒப்துலியா. "நாவல் பேரைப் போடுங்க. அதுதான் அவர் எழுதினது."

"நாவல் பேரா? சுண்ணாம்புக் கிணறுன்னு மலர்வளையத்துல போட்டா, சாவுக்கு வர்றவன் வெள்ளையடிக்கிற கடை அனுப்பினதுன்னு நெனைப்பான்."

"அந்த வசனம் அவரோடது இல்ல."

"என்னோடதுங்கிறியா? பதினோரு வருஷமா அதைத்தானே அவனும் சொன்னான்."

"உங்களோடதும் இல்ல. நான் தப்பா அடிச்சது."

சொல்லிவிட்டாள். நபோர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"அந்தக் கதையைப் படிச்சவன் நான். அந்தப் பண்ணையாரோட மூஞ்சிக்குக் கல்யாணமா வரும்? அன்னிக்கே போன் போட்டுக் கேட்டேன். 'எவாரிஸ்தோ, இங்க எஸே இருக்கே, சேத்தாதானே?'ன்னு. 'புதுசா வந்த பொண்ணு தப்பா அடிச்சிட்டாளா?'ன்னும் கேட்டேன். தப்பு அடிச்ச பொண்ணை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்புறது எங்க கம்பெனி வழக்கம்னு அவனுக்குத் தெரியும். 'அவ தப்பெல்லாம் பண்ணல. எஸேதான்'னான்."

ஒப்துலியா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்காகவா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உனக்காகவும் இருக்கலாம். ரெண்டு பேரையும் கொல்ல அவனுக்கே மனசு வராம இருந்திருக்கலாம். கேட்டா ஒத்துக்குவானா? திருடன்னு திட்டுறதுக்கு ஒருத்தன் வேணும் அவனுக்கு. திட்டிட்டுப் போறான்னு விட்டுட்டேன். நல்லாத்தான் திட்டுவான், பாவி."

வாசலில் பூக்கடைப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "ரிப்பன் எழுதுறவர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. காசார் எஸேயா, சேத்தாவா?"

எலோதியா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதையாவது போடச் சொல்லு. அவர் எழுதினதுல நான் முழுசாப் படிச்சது அந்த ஒரு வரிதான்."

நபோர் ஒப்துலியாவைத்தான் பார்த்தார். சேத்தா என்று ஒரு சொல் சொன்னால் போதும். எவாரிஸ்தோ கேட்டது கிடைத்துவிடும், அவள் பதினோரு வருடச் சுமையும் இறங்கிவிடும். ரிப்பனைப் பார்க்கிறவர்கள்தான், இறந்தவர் எல்லோரையும் வேட்டையாடப் போகிறார் என்று படிப்பார்கள். அவள் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள். எலோதியா வழித்துவிட்ட பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு சின்னக் கீறல் தெரிந்தது.

"எஸேதான்," என்றாள்.

மறுநாள் எழுத்தாளர் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. எவாரிஸ்தோவின் திரைக்கதைகளை ஆவணக் காப்பகத்தில் வைக்கிறார்கள். ஒவ்வொன்றோடும் பிழைதிருத்தத் தாள் ஒன்று இணைத்துக் கொடுக்க வேண்டும். முப்பது கதைகளுக்கு ஒப்துலியா அன்றைக்கே அடித்துக் கொடுத்துவிட்டாள். முப்பத்தொன்றாவது தாளில் 'சுண்ணாம்புக் கிணறு, பக்கம் 94, வரி 11' என்று இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் அடிக்கவில்லை.