கை தூக்காத உறுப்பினர்

திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குப் போகும் கரையோரப் பாதையில், களப்பு எனப்படும் உப்பங்கழியை ஒட்டிய ஓர் ஊரின் கிராமசபைக்கு அறுபதுகளின் நடுவில் தேர்தல் வந்தது. தையல்காரி இன்பமலர் வென்றாள். அந்தச் சபையில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: களப்பைக் கடந்து வயலுக்குப் போக ஒரு மரப்பாலம்.

சபை பணம் ஒதுக்கியது. பாலம் பாதியில் நிற்கும்போது மாரி வெள்ளம் வந்து வேலையைக் கெடுத்தது. அடுத்த கூட்டத்தில் சேர்மன் ஸஹாப்தீன், ஒதுக்கியதற்கு மேலும் பணம் கேட்டு ஒரு குறைநிரப்பு மதிப்பீட்டைக் கொண்டுவந்தார். இப்படியான கோரிக்கைகளை வாசிப்பார்கள், எல்லாரும் கை தூக்குவார்கள், பிறகு குடிக்கப் பிளேன்ரீ வரும். அன்றைக்கும் தூக்கினார்கள். இன்பமலரின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"இது உங்கட வட்டாரத்துப் பாலம், தங்கச்சி," என்றார் சேர்மன்.

"ஓம். அதுக்காகப் பாக்காமல் கை தூக்க ஏலாது. எல்லாரும் போய்ப் பாத்திட்டு வருவம்."

அவள் இல்லாமலே நிறைவேற்ற அவருக்குப் போதிய கைகள் இருந்தன. ஆனால் ஊர்ப் பணத்தில் ஒரு சதமும் தொடாத மனிதர் அவர், மனம் நொந்துபோனார். பார்த்த பிறகே வாக்கெடுப்பு என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்.

அவள் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. தங்கள் பாலத்தை அவளே தடுக்கிறாள் என்று வட்டாரம் கொதித்தது. நத்தார்ப் பண்டிகைக்குச் சட்டை தைக்கக் கொடுத்த துணிகளைச் சிலர் திருப்பி வாங்கிப் போனார்கள். பாலம் வராமல் போனால் என்ன செய்வாய் என்று அவள் கணவன் கேட்டான். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

குறித்த நாளில் உறுப்பினர்கள் எல்லாரும் களப்புக் கரைக்குப் போனார்கள். வெள்ளம் அடிமண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. நட்ட மரங்கள் சாய்ந்து நின்றன. நீளமான மரங்கள் இல்லாமல் முடியாது என்று வேலையை மேற்பார்த்த ஓவசியர் காட்டினார். இன்பமலர் தண்ணீரில் இறங்கி ஒரு மரத்தை அசைத்துப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"சேர்மன் சொன்னது உண்மை. மரத்துக்குக் காசு வேணும்."

ஸஹாப்தீனின் முகம் அப்போதுதான் தெளிந்தது. ஆனால் அவள் கரையேறியதும், தென்னங்கிடுகால் மூடிக் கிடந்த பலகைகளைக் காட்டி, இவை பாலம் முழுவதற்கும் போதுமா என்று ஓவசியரிடம் கேட்டாள். போதும் என்றார். அப்படியானால் மதிப்பீட்டில் பலகைக்கும் ஏன் பணம் கேட்டிருக்கிறது? பழைய மதிப்பீட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டதாகச் சபைக் கிளாக்கர் ஒப்புக்கொண்டார். சேர்மன் அங்கேயே அந்த வரியை வெட்டினார்.

அடுத்த கூட்டத்தில், திருத்திய கோரிக்கையை முன்மொழிந்தவளே இன்பமலர்தான். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மறுமாரிக்கு முன் பாலம் முடிந்தது. துணியைத் திருப்பி வாங்கியவர்கள் மறுபடி வந்தார்கள். எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தாள், ஒருத்தியை மட்டும் கொஞ்சம் காக்கவைத்து.

அதற்குப் பிறகு அந்தச் சபையில் எந்த மேலதிகச் செலவும் நேரில் பார்க்காமல் நிறைவேறவில்லை. ஒருமுறை திருகோணமலையிலிருந்து வந்த அதிகாரி, ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கேட்டபோது ஸஹாப்தீன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கட சபை கண்ணால பாத்துத்தான் காசு குடுக்கும், ஐயா. இந்தத் தங்கச்சி பழக்கினது."

எண்பதுகளின் தொடக்கத்தில் கிராமசபைகள் இல்லாமல் போகும்வரை அந்த வட்டாரத்தின் உறுப்பினர் இன்பமலர்தான்.