எம்டன் என்று நாங்கள் அழைத்த மும்தாஜ் அக்கா

போன வியாழக்கிழமை காலை தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஓசூர் வண்டிக்காக நின்றிருந்தேன். தளியிலிருந்து, முன்பு என்னோடு வேலை பார்த்த லட்சுமி அழைத்தாள். "மும்தாஜ் அக்கா போயிட்டாங்கடி. நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போற வழியிலயே..." நான் வேலைக்குப் போகாமல் கிருஷ்ணகிரிக்குப் போனேன். அக்கா வீட்டுத் தெருவில் எங்கள் பழைய பிரிவுப் பெண்கள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள், ஆளுக்கொரு கம்பெனிச் சீருடையில்.

ஓசூரில் வாகனங்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அக்கா எங்கள் சூப்பர்வைசர். கண்டிப்பானவர் என்பதால் ஆண்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'எம்டன்'. ஒருநாள் கேன்டீனில் அது அவர் காதிலேயே விழுந்தது. அக்கா தன் தட்டோடு அவர்கள் மேசைக்கே போய் உட்கார்ந்தார்.

"எம்டன்னா என்னன்னு தெரியுமாப்பா?"

"மெட்ராஸ்ல குண்டு போட்ட கப்பல் மேடம்," என்றார் ஸ்டோர்ஸ் முருகேசன்.

"அவ்ளோதானா?"

அந்தப் பெயர் தன் முதுகுக்குப் பின்னால் உலவுவது அவருக்கு முன்பே தெரியும். நூலகத்தில் தேடிப் படித்தும் வைத்திருந்தார். முதல் உலகப் போர் மூண்டதும் சீனக் கரையிலிருந்து தனியாகப் பிரிந்து வந்த சிறிய ஜெர்மன் போர்க்கப்பல் அது. ஆங்கிலேயக் கப்பல் போலத் தெரிவதற்காக, இருந்த மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவது ஒன்றையும் கட்டிக்கொண்டு வங்கக்கடலில் திரிந்தது. சரக்குக் கப்பல்களைத் துரத்திப் பிடித்தது. சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. கடைசியில் கோகோஸ் தீவுகளருகே தன்னைவிடப் பெரிய ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுப் பவளப்பாறையில் ஏறி நின்றது.

"மெட்ராஸ்ல ஜனங்களும் செத்தாங்க. அதப் பெருமைன்னு சொல்ல மாட்டேன்," என்றார் அக்கா. "ஆனா சரக்குக் கப்பலப் பிடிச்சா, அதுல இருந்த ஆளுங்கள வேற கப்பல்ல பத்திரமா ஏத்தி அனுப்பிட்டுத்தான் மூழ்கடிப்பாரு அந்த கேப்டன். எதிரி ஆளுங்களே போறப்ப வாழ்த்திக் கூச்சல் போட்டாங்களாம். அதுக்காக எம்டன்னு கூப்புட்டா, தாராளமா கூப்புடுங்க."

ஓரிரு வருடத்தில் எங்கள் பிரிவை மூடி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதாக நிர்வாகம் அறிவித்தது. அக்காவுக்கு மட்டும் அங்கே பெரிய பதவி. உடனே கிளம்பும்படி மேனேஜர் சொன்னபோது நாங்களும் அங்கேதான் இருந்தோம்.

"கப்பல மூழ்கடிக்கிறது உங்க இஷ்டம் சார். ஆளுங்கள இறக்காம நான் நகர மாட்டேன்."

"அப்புறம் இந்தப் போஸ்ட் இருக்காது மேடம்."

"இல்லாட்டிப் போவுது."

அன்றிலிருந்து ஸ்கூட்டரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். ஒரு வாசலில் கன்னடம், அடுத்த வாசலில் தெலுங்கு. சாமல்பட்டியிலிருந்து வந்துபோகும் பெண்களை, பஸ் நேரத்துக்கு ஒத்துவரும் ஷிப்ட் கிடைக்கும் வரை எங்கேயும் சேர்த்துவிடவில்லை. ஒவ்வொருவராக எல்லோருக்கும் வேலை கிடைத்தது. மிஞ்சியது நான்தான். அப்போது நான் நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றைப் பார்த்ததுமே கையை விரித்தார்கள். கடைசியாகப் போன இடத்தில் அதிகாரி மறுத்துத் தலையாட்டத் தொடங்குமுன்பே அக்கா சொன்னார்: "புள்ள பெத்துட்டு வருவா. அதுவரைக்கும் அவ எடத்துல நான் நிக்கிறேன்."

வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. எங்களையெல்லாம் மேய்த்த சூப்பர்வைசர், சாதாரணத் தொழிலாளியின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு மேசைமுன் நின்று ஒயர் கட்டினார். அவர் வேலையைப் பார்த்த அந்தக் கம்பெனி அவரை விட மனமில்லாமல் பிறகு பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. கைவிட்டுப் போன பதவியைப் பற்றி ஒருமுறை வருத்தத்தோடு கேட்டேன். "எனக்கென்னடி கொறச்சல்? கைவேல மறந்துருக்குமோன்னு பயந்தேன், மறக்கல," என்று சிரித்தார்.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போன முதல் நாள், அக்கா மேசையைத் துணியால் துடைத்தார். மேல்சட்டையைக் கழற்றி மடித்தார். "வா, ஒன் எடம்," என்று விலகி நின்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் அப்படி விலகி நின்ற அழகைத்தான்.