பாதிப் படத்தில் எழுந்து போனவர்

சிலிபின் கடைத்தெருவில் உள்ள தௌஃபிக்கின் மின்சாதனக் கடைக்குக் குமுதா வந்த மதியம் நல்ல மழை. கையுறைத் தொழிற்சாலையின் சீருடையோடு வாசலில் நின்று தண்ணீரை உதறிவிட்டு உள்ளே வந்தாள். டிவியில் செருகிப் படம் பார்க்கிற பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். அங்கே வேலை பார்த்த துளசி எடுத்துக் காட்டினாள். இதை வாங்கினால் பிரயோசனமா என்பது அடுத்த கேள்வி. என்னவெல்லாம் பார்ப்பீர்கள் என்று துளசி விசாரித்தாள். ஒரே ஒரு படம், அதுவும் பழைய படம் என்றாள் குமுதா. அப்படியென்றால் வேண்டாம், கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று துளசி உள்ளதைச் சொல்ல, கல்லாவில் இருந்த தௌஃபிக் தொண்டையைக் கனைத்தார்.

"பாதியில நிறுத்திட்டா, எங்க நிறுத்துனோம்னு அதுக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்க்கா."

"வேற வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா?"

"அப்பவும் இருக்கும் லா."

குமுதா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாத்தவரு இல்லாம போயிட்டாலும்?"

யார் இருந்தால் என்ன, யார் போனால் என்ன, அது மறக்காது என்று தௌஃபிக்தான் முந்திக்கொண்டார். பெட்டி விற்றுப்போனது.

அதைப் பொருத்திக் கொடுக்கத் துளசி செமோர் ஊருக்கு அப்பால், ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் குமுதாவின் வீட்டில் மட்டும்தான் ஆள் இருந்தது. மற்ற வீடுகளின் கதவு நிலைகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். நிலத்தை வாங்கியவர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகள் தினேஸ்வரி சிலிபினில் அடுக்குமாடி வீடு எடுத்து, அம்மாவுக்கு அறையும் ஒதுக்கி வைத்திருந்தாள். குமுதாதான் அசையவில்லை.

காரணம் அவள் கணவர் சீனி. அவள் ரப்பர் பாலுக்கு மரம் சீவிய காலத்தில் அவர் தோட்டத்து லாரி ஓட்டினார். தோட்டம் மூடியபின் அவள் தொழிற்சாலைக்குப் போனாள், அவர் இரவுக் காவலுக்குப் போனார். சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்க உட்காருவார். பாதியில் வேலைக்கு நேரமாகிவிடும். மீதிக் கதையைக் காலையில் குமுதா சொல்வாள். அவளும் பாதியில் தூங்கியிருப்பாள் என்பதால் முடிவைத் தானாகவே கட்டிவிடுவாள். கதாநாயகன் செத்துவிட்டான் என்பாள். "நேத்தும் அவனத்தான கொன்ன?" என்பார் சீனி. ஒரு நாள் அப்படிப் பாதியில் எழுந்து மோட்டார் சைக்கிளில் போனவர் வீடு திரும்பவில்லை.

வருஷா வருஷம் அவருக்குப் படையல் அந்த வீட்டில்தான். இலை போட்டு, ஆட்டுக்கறியும் ஒரு டின் பீரும் வைத்து, சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும். பிறகு குமுதா தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, "வரலாங்களா?" என்று கேட்டுவிட்டுத் திறப்பாள். வேறு வீட்டில் படைத்தால் அவர் எப்படி வழி கண்டுபிடிப்பார் என்பதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

துளசி பெட்டியை மாட்டி, தினேஸ்வரி வாங்கிக் கொடுத்திருந்த மோடத்தோடு இணைத்தாள். குமுதாவின் பெயரில் கணக்குத் தொடங்கி, கோளாறு வந்தால் கடையிலிருந்தே பார்க்கலாம் என்று தன் கைப்பேசியிலும் அதைச் சேர்த்தாள். சீனி கடைசியாக எழுந்து போன இடம் குமுதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. ரயிலடியில் ஒரு பெண் குடையோடு நிற்கிறாள். படத்தை அங்கே நிறுத்தச் சொன்னாள். அன்றைக்குத்தான் படையல் என்பது துளசிக்கு அப்போதுதான் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு, படையலுக்கு வந்திருந்த தினேஸ்வரியோடு மூவரும் வாசல் கால்வாய் ஓரமாக நின்றார்கள். ரிமோட் துளசியின் கையில் இருந்தது. உள்ளே சத்தம் எதுவும் இல்லை. ஆளில்லாத வீடுகளில் காற்று புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. குமுதா தட்டினாள், கேட்டாள், திறந்தாள்.

இலை வைத்தபடியே இருந்தது. படமும் நின்றபடிதான் இருந்தது. ஆனால் ரயிலடி இல்லை. அந்தப் பெண் ஏதோ ஒரு வீட்டுக்குள் குனிந்து விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

தினேஸ்வரி துளசியை முறைத்தாள். துளசி ரிமோட்டை மெல்ல மேசைமேல் வைத்தாள். குமுதா மட்டும் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சூடா இருக்கு," என்றாள். அந்த வாரமே சாமான் கட்டிவிட்டாள்.

லாரியில் போகும்போது பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள். சிலிபின் வீட்டில் மாட்டியபோது படம் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மின்சாரமே இல்லாமல் மடியில் கிடந்த பெட்டி. "கூடவேதான் வந்திருக்காரு," என்று சொல்லிவிட்டுக் குமுதா சமைக்கப் போனாள்.

துளசிதான் விடுவதாக இல்லை. வேறு யாரோ கணக்கைப் பயன்படுத்துகிறார்கள் என்று கடவுச்சொல்லை மாற்றினாள். புதியதை யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவும் மகளும் வேலைக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கும் பகல்களில், துளசியின் கைப்பேசியில் படத்தின் கீழே, எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. தௌஃபிக் கேட்டுவிட்டு, பெட்டியில்தான் கோளாறு, மாற்றிக் கொடுத்துவிடு என்றார். அதைக் குமுதாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "மாத்துனா அவரு எங்க போய்த் தேடுவாரு?"

பிறகு ஒரு மதியம் வேலை முடிந்து வரும் வழியில் குமுதா கடைக்குள் வந்தாள். தௌஃபிக் தொழுகைக்குப் போயிருந்தார். கோடு இப்போது எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டாள். துளசி கைப்பேசியைக் காட்டினாள். கடைசியில் கொஞ்சம்தான் பாக்கி. கடையில் வேறு யாரும் இல்லாதபோதும் குமுதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"படம் முடிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாரு, தங்கச்சி. முடியப் போவுதுன்னு தெரிஞ்சா நீ இங்கேருந்தே கொஞ்சம் பின்னால தள்ளி விட்டுரு. அவருக்குத் தெரியாம."