செவ்வாய்க்கிழமைக்குத் தந்த அனுமதி

விமலாதேவி செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். புருசன் சிவபாலனின் பித்தப்பை ஒப்பரேசனைச் செவ்வாயிலிருந்து புதனுக்குத் தள்ளிவைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வந்த பஞ்சாங்கம் செவ்வாய் அட்டமி என்றது. ஒரு நாள்தானே என்று டொக்டரும் தலையாட்டிவிட்டார். இன்சூரன்ஸ் கொம்பனி தலையாட்டவில்லை. அனுமதி செவ்வாய்க்கு மட்டும்தானாம்!

1974ஆம் ஆண்டு. மெல்பேர்னில் ஃபுட்ஸ்கிரேயில் ஒரு டயர் தொழிற்சாலை. தொழிலாளர் குடும்பங்களின் ஆஸ்பத்திரிச் செலவைத் தொழிற்சாலையே தன் கையிலிருந்து கொடுத்தது. விண்ணப்பங்களைப் பார்த்து ஓம், இல்லை சொல்லத்தான் இன்சூரன்ஸ் கொம்பனி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இதுதான். அதற்குத் தட்சணை வேறு! பூசாரி சொல்லும் ‘இல்லை’களை ரைப் அடித்துக் கொடுப்பது தொழிற்சாலை அலுவலகத்தில் விமலாதேவியின் உத்தியோகம். போன மாதம் கிரேக்கத் தொழிலாளி ஸ்டாவ்ரோஸ் தன் மனைவிக்காக வந்து நின்றபோது, “திகதி பிழை, நான் என்ன செய்ய?” என்று அனுப்பிவிட்டவளும் அவள்தான்.

புதன் காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சிவபாலன் போன் எடுத்தான்.

“விமலா, ஒன்பதரைக்குள்ள காசுக்கு ஆரும் பொறுப்பெடுக்காட்டி வேற ஆளை ஒப்பரேசனுக்கு ஏத்திப்போடுவினமாம். பிறகு ரெண்டு கிழமை செல்லுமாம். என்னால ஏலாதப்பா.”

“பயப்பிடாதேங்கோ. நான் பாக்கிறன்.”

இரண்டு வாரம் தாங்காது என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். மனேஜர் டொனவனிடம் ஓடினாள்.

“காசு எங்களுடையதுதான்” என்றார் டொனவன். “ஆனால் இன்சூரன்ஸ்காரர்களை மீறிக் கொடுத்தால் எங்களைக் கைகழுவிவிடுவார்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் பாதி, அவர்கள் பேசிவைத்த விலைக்குத்தான் எங்களைச் சேர்க்கிறது. வேறு யாரிடம் போவது? மறுப்புக் கடிதத்தை அடி.”

“யாருக்கு?”

“விண்ணப்பித்தவருக்கு.”

விண்ணப்பித்தவள் விமலாதேவி. தனக்குத் தானே ‘இல்லை’ என்று எழுத வேண்டுமாம்! அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரைப்ரைட்டரைத் தூக்கிவந்து அவர் மேசையில் தொப்பென்று வைத்தாள்.

“நீங்களே அடியுங்கள். நான் இங்கேயே நின்று வாங்கிக்கொள்கிறேன்.”

டொனவன் ஒற்றை விரலால் அடித்தார். அவள் அசையவில்லை. மணி ஒன்பது பத்து. இரண்டாவது வரியில் விரல் நின்றது. ஒன்பதே காலுக்குத் தாளை உருவிக் கசக்கினார். போனை எடுத்தார்.

“நாங்கள் கட்டுகிறோம். ஒப்பரேசனைச் செய்யுங்கள்.”

சிவபாலன் பிழைத்தான். ஆறாவது கிழமை பூசாரியின் கடிதம் வந்தது. மீறிக் கட்டியதற்குத் தண்டனையாக ஆஸ்பத்திரி விலை எல்லாருக்கும் கூடிவிட்டது. இனி நானூறு பேரின் சம்பளத்திலும் கிழமைக்கு ஒரு டொலர் பிடிப்பு. அந்த அறிவித்தலை அடித்துப் பலகையில் குத்தியவளும் விமலாதேவிதான்.

ஸ்டாவ்ரோஸ் அதை நின்று வாசித்தான்.

“உன் புருசன் சுகமா?”

“சுகம்.” சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“என் மனைவி இன்னும் படுக்கையில்தான். திகதிப் பிழை உனக்கு மட்டும் சரியாகிவிட்டதா?”

விமலாதேவி உள்ளே போனாள். அவன் மனைவியின் ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு டொனவனின் கதவைத் தட்டினாள்.