பார்த்துக்கொண்டே இருந்தவர்

ஞானசேகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில் அந்தோணியார் கோயில் தெருவில் அவரை இன்றைக்கும் எக்ஸ்சேஞ்ச் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் யார் வீட்டுக்கு லைன் கிடைக்கும், யார் வீட்டு லைன் செத்துக் கிடக்கும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு அவரைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்து போனார்கள். மகள் கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவி லூசியாவும்தான்.

தெருவில் இரண்டு பைக் காணாமல் போனதும் வீட்டுக்காரர்கள் கூடி நாலு கேமரா வாங்கி மாட்டினார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எக்ஸ்சேஞ்ச் சாருக்கே வந்து சேர்ந்தது. கம்பி, இணைப்பு, சிக்னல் என்று பழகிய மனுஷர், நேரமும் கிடக்கிறது. அவருடைய கைபேசியிலேயே நாலு படமும் தெரியும்படி செய்து கொடுத்துவிட்டுப் போனான் கேமரா மாட்ட வந்த பையன்.

அன்றிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்தால் அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதல் கேமராவில் அந்தோணியார் கோயில் ஆர்ச். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் பெரிய கதவைச் சாத்தி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் அந்தோணியார் சொரூபத்தின் காலைத் தொட்டு முத்திக்கொண்டு போவார். இரண்டாவதில் பெத்தனின் புரோட்டாக் கடை. கடைசி ஈடு போட்டு முடித்ததும் கல்லில் தண்ணீரை ஊற்றுவான், புகை மொத்தமும் படத்தை மறைத்துவிடும். மூன்றாவதில் மெடிக்கல் ஷாப்பும் அதை அடுத்து சி.எஸ்.ஐ. கோயிலின் சுற்றுச்சுவரும். அந்தச் சுவரோரம் ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிய வண்டி நிற்கும், அடியில் நாய்கள் படுத்திருக்கும். நான்காவதில் டயர் கடை, அதற்கு மேலே மாடியில் ஜெபக்கூடம். வெள்ளிக்கிழமை என்றால் விடிய விடிய ஜெபம். ஜிப் வைத்த உறையில் பைபிளை வைத்துக்கொண்டு பெண்கள் படியேறுவதும், இடையில் டீ குடிக்க இறங்குவதும் தெரியும்.

நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். காலையில் லூசியா இட்லி ஊற்றும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, மெடிக்கல்காரர் தம்பிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது, தனித்தனியாகப் பூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பார். இன்னார் மகன் கோயில் சுவர் பக்கம் நின்று சிகரெட் குடிக்கிறான் என்பார்.

"ஊரு ஒறங்குற நேரத்துல என்னத்த இப்படி எட்டி எட்டிப் பாக்குறீக?" என்பாள் லூசியா.

"எட்டிப் பாக்குறதா? பொறுப்பா ஒப்படைச்சிருக்காக."

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் சில சமயம் துண்டுப் படங்களையும் போடுவார். குப்பையைக் கோயில் வாசலில் கொட்டிய ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். மறுநாள் சிரித்த முகங்களும் கைதட்டுகிற கைகளுமாக வந்து குவிந்தன. அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அரசப்பன் அந்தத் தெருவின் கடைசியில் வாடகைக்குக் குடியிருந்த தச்சர். கோயிலின் புதுப் பெஞ்சுகள் அவர் செய்தவை. நல்ல வேலைக்காரர், ஆனால் குடிப்பார். குடித்தால் எங்கேயாவது விழுந்து கிடப்பார், மகன் ஸ்ரீதர் வந்து தூக்கிக்கொண்டு போவான். ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் குடியை விட்டுவிட்டதாக அவர் மனைவி சொர்ணவல்லி லூசியாவிடம் சொல்லியிருந்தாள். லூசியா அதை வீட்டில் சொன்னபோது ஞானசேகர் போனைப் பார்த்தபடி ம்ம் கொட்டினார்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. தூறல் விழுந்திருந்ததால் பெத்தன் சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டான். பத்து மணி சுமாருக்கு அரசப்பன் கையில் ஒரு பையோடு வந்தார். கோயில் ஆர்ச் பக்கம் வந்ததும் சுவரைப் பிடித்தார். கால் பின்னியது. ஒரு செருப்பு கழன்று தனியே கிடந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்து, பிறகு ஒருக்களித்துப் படுத்துவிட்டார்.

"ஆரம்பிச்சுட்டான்யா" என்று ஞானசேகர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அரசப்பன் இடது கையைத் தூக்கினார். கேமராவைப் பார்த்துத்தான் தூக்கினார். கை ஆடிக்கொண்டே மேலே நின்றது, பிறகு விழுந்தது. மறுபடியும் தூக்கினார். ஞானசேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அரசப்பன் சலாம் வைக்கிறான் பாரு" என்றார், லூசியா திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதை மட்டும் துண்டுப் படமாக வெட்டிக் குழுவில் போட்டு, 'நம் தச்சர் கேமராவுக்குச் சலாம் வைக்கிறார்' என்று எழுதினார். சிரித்த முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர், 'பதில் சலாம் வையுங்கள் சார்' என்று எழுதியிருந்தார்.

ஒரு பைக் அரசப்பனைச் சுற்றி ஒதுங்கிப் போனது. பேருந்தை விட்டு இறங்கி வந்த ஒருவர் எதிர்ச் சுவரோரம் போய் நடந்தார். ஞானசேகர் இதையெல்லாம் பார்த்தார். வாசல் கதவைத் திறந்து இறங்கினால் கூப்பிடு தூரம். மகன் வந்து தூக்கிக்கொண்டு போவான் என்று நினைத்துக்கொண்டு படத்தை மாற்றினார். மெடிக்கல் ஷாப்பைப் பார்த்தார், டயர் கடையைப் பார்த்தார். திரும்ப ஆர்ச்சுக்கு வந்தபோதும் அரசப்பன் அங்கேயேதான் கிடந்தார். இப்போது கை தூக்கவில்லை.

பதினொன்றரைக்கு மேல் ஜெபக்கூடத்துப் பெண்கள் டீ குடிக்க இறங்கினார்கள். ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு அலறியது படத்தில் சத்தமில்லாமல் தெரிந்தது. கடைக்குள் படுத்திருந்த பெத்தன் லுங்கியை மடித்துக்கொண்டு ஓடி வந்தான். ஆட்டோ வந்தது. அரசப்பனைத் தூக்கும்போது அவருடைய வலது கையும் காலும் துணி மாதிரித் தொங்கின.

சற்று நேரத்தில் குழுவில் செய்தி வந்துவிட்டது. அரசப்பன் குடித்திருக்கவில்லை. பக்கவாதம். சிவகங்கைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிறகு சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பதில் சலாம் கேட்டவரின் வரி இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நின்றது. ஞானசேகரும் தான் போட்டதை நீக்கினார். அவர் பெயருக்குக் கீழேயும் அதே வரி வந்து நின்றது.

ஒரு மணி வாக்கில் ஸ்ரீதர் போன் பண்ணினான். வாடகைக்கு இருப்பவன் என்பதால் வீட்டுக்காரர்கள் குழுவில் அவன் இல்லை.

"சார், மன்னிச்சுக்கங்க, தூக்கத்துல எழுப்புறேன். அப்பா எப்ப விழுந்தாருன்னு டாக்டரு கேக்குறாரு. நேரந் தெரிஞ்சாத்தான் ரத்தக்கட்டக் கரைக்கிற ஊசி போடலாமா வேணாமான்னு சொல்ல முடியுமாம். இங்க யாருக்கும் தெரியல. கேமராவுல கொஞ்சம் பாத்துச் சொல்றீகளா?"

நேரம் அவருக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் உடனே சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பானே.

"பாத்துட்டுக் கூப்பிடுறேம்ப்பா" என்றார்.

போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தேடிப் பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பார்த்து, அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். பேசும் சத்தத்தில் விழித்துக்கொண்ட லூசியா எழுந்து அவரையே பார்த்தாள்.

"யாரு?"

"அரசப்பன் மகன். எப்ப விழுந்தாருன்னு கேக்குறான்."

"சொல்ல வேண்டியதுதானே. அப்பவே பாத்துச் சிரிச்சீகல்ல?"

அவர் சட்டென்று போனை எடுத்து நேரத்தைச் சொன்னார். இன்னும் நேரமிருக்கிறது என்று டாக்டர் ஊசி போட்டார். அரசப்பன் பிழைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மைக்கிலேயே சொன்னார். நம் ஞானசேகர் ஐயா நடுராத்திரியில் கேமராவில் தேடிப் பார்த்துச் சரியான நேரத்தைச் சொன்னதால் ஓர் உயிர் தப்பியது என்றார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் குனிந்துகொண்டார்கள். அரசப்பன் செய்த பெஞ்சில்தான் ஞானசேகர் உட்கார்ந்திருந்தார். எழுந்து போக முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வெளியே வந்ததும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். லூசியா அவருக்காக நிற்காமல் முன்னால் நடந்து போய்விட்டாள்.

அரசப்பனை வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் கழித்துத்தான் அவருக்குப் பார்க்கப் போகத் தைரியம் வந்தது. ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார். அரசப்பன் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் இடது கையை உயர்த்தி ஏதோ சொன்னார். குழறலில் ஒன்றும் விளங்கவில்லை. சொர்ணவல்லி பக்கத்தில் குனிந்து கேட்டு, சிரித்த முகத்தோடு எடுத்துச் சொன்னாள்.

"நீங்க கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பீகளாம்ணே. அதுனால கையத் தூக்கிக் காட்டினாராம். எக்ஸ்சேஞ்ச் சார் பாத்துட்டாரு, இந்தா வந்துருவாருன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தாராம். உங்க மேல அம்புட்டு நம்பிக்க அவருக்கு."

அரசப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. பார்த்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

"பாத்தேம்மா" என்றார் ஞானசேகர்.

"அதான் நேரஞ் சொன்னீகளே."

"அப்ப இல்ல. அவரு கையத் தூக்குனப்பவே பாத்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குடிச்சிருக்காருன்னு நெனச்சு... படம்பிடிச்சுப் போட்டேன்."

சொர்ணவல்லி புருஷனின் தலையணையைச் சரிசெய்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நாலு எட்டுதானே உங்க வீட்டுல இருந்து?"

அவள் பழப் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள், அதை விட்டுவிடவில்லை. ஆனால் அவர் கிளம்பி வாசல் வரை வந்தபோது, "போயிட்டு வாங்க சார்" என்றாள். அண்ணே என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து அவரைச் சார் என்றுதான் கூப்பிடுகிறாள். அரசப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாளே கேமராப் பொறுப்பை மெடிக்கல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் கைபேசியிலிருந்து தெருவை எடுத்துவிட்டார். என்றாலும் அந்த நேரத்துக்குத் தூக்கம் வரவில்லை. பெத்தன் ஷட்டரை இழுக்கிற சத்தமும், மாடியில் ஸ்தோத்திரம் சொல்கிற சத்தமும் படுக்கைக்கே வரும். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். முதல் நாள் சி.எஸ்.ஐ. கோயில் சுவரோரம் ஓர் இளவட்டம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கிட்டப் போய், "தம்பி, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" என்று கேட்டார்.

"ஏன் பெருசு, நல்லாத்தானே இருக்கேன்? போன்ல பேசிக்கிட்டிருக்கேன்" என்று அவன் எரிந்து விழுந்தான்.

சரி சரி என்று நகர்ந்தார். பெத்தன் கல்லைக் கழுவிக்கொண்டே பார்த்துச் சிரித்தான். வாக்கிங்கா சார் என்று கேட்டான். ஆமாம் என்றார். படம் பிடித்துப் போட்டது பெத்தனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

தை பிறந்தபின் அரசப்பன் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். வெயில் தாழ்ந்த பிறகு ஸ்ரீதர் பிடித்துக்கொள்ள, தெருவின் கடைசியிலிருந்து மெடிக்கல் ஷாப் வரை வருவார். எதிரே வரும்போது ஞானசேகர் நின்று, "எப்படி இருக்கீக?" என்பார். முன்னெல்லாம் அவர் அரசப்பனிடம் நீ, வா என்றுதான் பேசுவார். அரசப்பன் தலையை ஆட்டுவார். ஸ்ரீதர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். அவர்கள் இருவரும் கடந்து போகும்வரை ஞானசேகர் ஓரமாக ஒதுங்கி நிற்பார்.