பெற்றோர் குழுவில் எண்பத்து மூன்று செய்திகள்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் மற்றவர்கள் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மூடியை அவளால் திறக்க முடியுமா, திறந்தால் மூட முடியுமா, மூடாவிட்டால் பையில் இருக்கும் நோட்டெல்லாம் என்ன ஆகும்.

இந்தக் கவலைகளையெல்லாம் பகலில் தீர்த்துக்கொள்ள எனக்கு வழியில்லை. நானும் மனைவியும் வேலை பார்க்கும் ஆராய்ச்சி வளாகத்தில் செல்பேசியை வாயிலிலேயே கொடுத்துவிட வேண்டும். காலையில் ஒரு சிறு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனால், மாலை ஐந்தேகாலுக்குத்தான் மறுபடி கையில் வரும். நடுவில் என்ன நடந்தாலும் எங்களுக்கு மாலைச் செய்திதான்.

மகளின் பள்ளி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு மண்பாதையின் முனையில் இருக்கிறது. வகுப்பில் இருபத்திரண்டு குழந்தைகள். பாதிப் பேர் எங்களைப்போல எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். மீதிப் பேர் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள். அப்பாக்கள் கடலுக்குப் போவார்கள், அம்மாக்கள் மீன் விற்பார்கள். எல்லாப் பெற்றோரையும் சேர்த்து வகுப்பாசிரியை ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தார். காலை வழிபாடு, மதியச் சாப்பாடு, களிமண்ணில் செய்த யானை என்று தினமும் படங்கள் வரும்.

மாலையில் வாயிலுக்கு வெளியே பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு, காலையின் முதல் செய்தியிலிருந்து ஒன்றுவிடாமல் வாசிப்பேன். மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து, முடிக்கும்வரை கைப்பையால் விசிறிக்கொள்வாள். வாசித்ததும் கேள்விகளைத் தட்டச்சு செய்வேன். "மிஸ், பத்து மணிப் படத்தில் பாப்பா தலைகுனிந்து இருக்கிறாள். உடம்பு சரியில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். ஆசிரியை பொறுமைசாலி. "இல்ல சார், ஷூ லேஸ் கட்டறா" என்று பதில் போட்டார். இன்னொரு நாள், படத்தில் அவளே இல்லை என்று கேட்டேன். "சார், அந்தப் படத்தை எடுத்ததே அவதான்" என்றார்.

"நீங்க அப்பாவா, ஆடிட்டரா?" என்றாள் மனைவி.

போன மழைக்காலத்தில் அது நடந்தது. எங்கள் கட்டடத்தில் சன்னல் கிடையாது. வெளியே மழை என்று தெரிந்தது. எவ்வளவு மழை என்று தெரியவில்லை. ஐந்தேகாலுக்கு வாயிலுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், குழுவில் எண்பத்து மூன்று செய்திகள். என் எண்ணுக்கு ஆசிரியையிடமிருந்து பதினொரு அழைப்புகள், மனைவியின் எண்ணுக்கு ஒன்பது.

ஒழுங்காக முதலிலிருந்து வாசிக்கும் நான் அன்று கடைசியிலிருந்து வாசித்தேன். கடைசியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். யாரோ கைகூப்பியிருந்தார். யாரோ "சூப்பர் அக்கா" என்று போட்டு ஒரு மீன் படம் சேர்த்திருந்தார். அவற்றுக்கு மேலே, ஒன்று நாற்பதுக்கு, ஆசிரியை: "கவலைப்படாதீங்க சார்."

அவ்வளவுதான். எதற்குக் கவலைப்பட வேண்டாம் என்று இல்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பயமுறுத்திய இரண்டு சொற்களை நான் வாசித்ததில்லை.

இன்னும் மேலே போனேன். பன்னிரண்டு மணிக்கு: கடல் கொந்தளிக்கிறது, அரைநாள் விடுமுறை, பிள்ளைகளை உடனே அழைத்துப்போகவும், இன்று மாலை வகுப்பு கிடையாது. எங்கள் வளாகத்தில் வேலை செய்யும் மற்ற பெற்றோருக்கெல்லாம் வீட்டில் யாராவது இருக்கிறார்கள். எங்களுக்கு இல்லை, மாலை வகுப்பு முடிந்து ஐந்தரைக்கு நாங்கள்தான் அழைக்கப் போவோம். பன்னிரண்டே முக்காலுக்கு: "ஒரு குழந்தை மட்டும் பாக்கி." யார் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆசிரியையை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. சேர்க்கைப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கென்று நான் ஏழு எண்கள் எழுதிக் கொடுத்திருந்தேன், கூடுவாஞ்சேரியில் இருக்கும் மைத்துனர் எண் உட்பட. என் மேசைமேல் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும் தரைவழித் தொலைபேசியின் எண்ணை எழுதத் தோன்றவில்லை. மனைவி அவள் அண்ணனை அழைத்தாள். பள்ளியிலிருந்து மதியமே சொன்னார்களாம். உடனே கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் தண்ணீர் தேங்கி, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு முன்னால் மூன்று மணி நேரமாக நிற்கிறாராம். "இங்கயே டீ கூட வந்துடுச்சு, பாப்பாவத்தான் காணோம்" என்றார். அவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

மழையில் பைக்கை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. மனைவி பின்னாலிருந்து என் தோளை அழுத்திக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது. பள்ளி பூட்டிக் கிடந்தது. வகுப்பறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த நாற்காலிகள். களிமண் யானைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இப்போதும் சில மாலைகளில் செல்பேசிப் பெட்டியில் சாவியை நுழைக்கும்போது அந்த நாற்காலிகள் கண்முன் வருகின்றன.

மண்பாதை கடற்கரைச் சாலையில் சேரும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரரின் மகனும் அதே வகுப்பு. கேட்டேன்.

"இன்னா சார், இப்ப வந்து கேக்குற?" என்றார் அவர். "குரூப்ப பாக்கலியா? மீன்காரம்மா அப்பவே பேசி அனுப்பிச்சே."

"பார்த்தேங்க. ஒண்ணுமே இல்ல."

அவர் என் கையிலிருந்த செல்பேசியை வாங்கி, ஆசிரியையின் செய்திக்கும் கட்டைவிரல்களுக்கும் நடுவில் இருந்த ஒரு குரல் பதிவைத் தொட்டார். பின்னணியில் அலையும் காற்றும். நடுவில் ஒரு பெண் குரல்: "சார், உம் பொண்ணு எங்க வூட்ல கீது. டீச்சரு கடைசி பஸ்ஸு பூடும்னு என்னாண்ட வுட்டுட்டு போச்சு. அது போன்ல சார்ஜி இல்ல. சோறு துன்னுட்டு எம் பொண்ணோட ஆடிகினு கீது. மெதுவா வா, ரோட்ல தண்ணி."

பதினான்கு வினாடிகள். இரண்டேகாலிலிருந்து என் செல்பேசியில் இருந்திருக்கிறது. நான் குரல் பதிவுகளைக் கேட்பதில்லை. குப்பத்து அம்மாக்கள்தான் அப்படி அனுப்புவார்கள். காற்றிரைச்சலும் யாரோ யாரையோ அதட்டுவதுமாக இருக்கும் என்று நானாக முடிவுகட்டி, ஆறு மாதமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றுவிடாமல் வாசிப்பவன் என்று சொன்னேன் அல்லவா. வாசிப்பவன்தான்.

அந்த வீடு ஐந்து நிமிட நடை. வாசலில் எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா, "வா சார். இன்னாத்துக்கு இப்டி நனஞ்சிகினு வந்த? மெதுவாதான வரச்சொன்னேன்" என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அட, இன்னாமா நீ. பாப்பா அழல, நீ அழுவுற" என்று அவர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மகள் உள்ளே, சட்டைமேல் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, கூட ஒரு சிறுமியோடு தரையில் கிளிஞ்சல்களை வரிசை பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்ப்பா சீக்கிரம் வந்தே?" என்றாள்.

மறுநாள் முதல் வேலையாகத் தரைவழி எண்ணைப் பள்ளியில் கொடுத்தேன். மாலையில் பைக்கருகே நின்று, குழுவில் நீளமாக ஒரு நன்றி எழுதினேன். மூன்று பத்தி. எழுதித் திருத்தி, திருத்தி எழுதி அனுப்பினேன். அலுவலகப் பெற்றோர் கைகூப்பினார்கள். மீன்காரம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. இந்த முறை உடனே கேட்டேன்.

"சார், நீ என்னவோ எழுதி அனுப்பிகிறன்னு டீக்கடைக்காரரு சொன்னாரு. எனக்கு இன்னா தெரியும் அது? நீ தெனம் எழுதுவல்ல, நாங்கல்லாம் சும்மா தள்ளி வுட்ருவோம். இன்னா சமாச்சாரம்னு வாயால சொல்லு."

சிரித்தேன். பிறகு யோசித்தேன். ஆறு மாதம் நானும் அவர்களும் ஒரே குழுவில் இருந்து, ஒருவர் சொன்னதை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம். ஆசிரியை மட்டும் இரண்டையும் வாசித்து, கேட்டு, இரண்டு பக்கத்துக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று முதன்முறையாக ஒரு குரல் பதிவு அனுப்பினேன். தொண்டையைச் செருமி, "வணக்கம்" என்று ஆரம்பித்து, நடுவில் காவலாளி "வண்டிய எடுங்க சார்" என்று சத்தம் போட, அதுவும் அதில் போயிற்று. நான்கைந்து சிரிப்புப் படங்கள். அந்த அம்மா பதில் அனுப்பினார்: "இன்னா சார், ரேடியோல நியூஸ் படிக்கிற மாதிரி கீது."

இப்போது மாலைகளில் வாசிப்பதோடு கேட்கவும் செய்கிறேன். கேட்ட பிறகுதான் தெரிகிறது, எத்தனை செய்திகளை விட்டிருக்கிறேன் என்று. மதியம் பள்ளிப் பக்கமாகக் கூடையோடு போகும் அம்மாக்கள் சுற்றுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். யார் யாரோடு சண்டை, யார் சமாதானம், எந்தப் பிள்ளை சாப்பாட்டைக் காக்கைக்குப் போட்டது எல்லாம் இருக்கிறது. எந்தப் படத்திலும் வராத செய்திகள். தலைகுனிந்த படங்களைப் பற்றி நான் கேட்பது குறைந்துவிட்டது. நின்றுவிட்டது என்று சொன்னால் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

நேற்று பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு பதிவு. என்னோடு வேலை செய்யும் இன்னும் இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"சார், உம் பொண்ணுக்கு முன்பல்லு வுயுந்துச்சு. ரத்தம்லாம் இல்ல. பல்ல டீச்சரு பேப்பர்ல மடிச்சி வச்சிகீது. அது எல்லாராண்டயும் ஈய்னு காட்டிகினு திரியுது. வந்து பாத்துக்க. பேஜார் பண்ணாத."

மனைவி ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பைக்கைக் கிளப்பினேன்.